விருந்தாளியின் கார் சாவி

குடவாசல் கடைத்தெருவுக்குப் பின்பக்கத் தெருவில் கமருன்னிஸாவிடம் திட்டு வாங்காத ஆள் ஒரே ஒருவர்தான். ஹபீப் முகம்மது. அவளுடைய கணவர்.

மற்ற எல்லாரும் வாங்கினார்கள். சிலிண்டரை வாசலோடு வைத்துவிட்டு நழுவப் பார்க்கும் கேஸ்காரர் வாங்கினார். கறிக்கடை வைத்திருக்கும் சொந்தத் தம்பி ஷேக் பரீத், அக்கா வீட்டுக் கறியிலேயே எலும்பைத் தாராளமாகப் போட்டதற்காக வாரத்துக்கு ஒருமுறை வாங்கினான். ஈரம் காயாத வயலில் அறுவடை மிஷினை இறக்கி வைக்கோலைச் சேறாக்கிய ஏஜென்ட், தை மாதம் முழுக்க அவள் நம்பரைக் கண்டாலே போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் இதில் வருத்தம் கிடையாது. திட்டி முடித்த கையோடு டீ கொடுத்து அனுப்புகிறவள் அவள். நாலு நாள் சத்தம் கேட்கவில்லை என்றால், அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று எதிர்வீட்டில் விசாரிப்பார்கள்.

ஹபீபிடம் மட்டும் அந்தத் தொண்டை பஞ்சாகிவிடும். "ஏங்க, டீ ஆறுதுங்க." "ஏங்க, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க." வேறு யாரோ பேசுகிறார்களோ என்று சந்தேகம் வரும்.

இதற்குக் காரணம் உண்டு. தொண்ணூற்றிரண்டில் ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்தபோது ஹபீபும் எடுத்தார். சவூதியில், தம்மாமில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மாத லீவு. இருபத்தைந்து வருஷத்தில் சொந்த வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் முழுசாக இரண்டு வருஷம் தேறினால் பெரிது. லீவில் வருகிறவரை யார் திட்டுவார்கள்? முதல் மாதம் கோழியும் குர்மாவுமாகப் போய்விடும். இரண்டாவது மாதம் பெட்டி கட்டுவதிலும் மூக்கைச் சிந்துவதிலும் போய்விடும். நடுவில் ஒரு சண்டை போட்டுக்கொள்ள இருவருக்குமே நாள் கிடைக்கவில்லை. பீரோவிலிருந்து புதுப் போர்வை, அவருக்கென்றே ஒரு கண்ணாடித் தம்ளர், குளிக்கப் போனால் பிரிக்காத சோப்பு என்று அந்த வீட்டில் அவருக்கு ஒரு முறை ஏற்பட்டுவிட்டது.

இப்போது அவர் ஒரேயடியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. முறை மட்டும் மாறவில்லை. இன்னும் பிரிக்காத சோப்புதான்.

அவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஃபியூஸ் போனபோது எழுந்தார். ஃபியூஸ் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கமருன்னிஸா கம்பியை மாட்டிவிட்டாள், ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆறு மா நிலத்தின் குத்தகைப் பேச்சுக்குக் கூடவே போனார். குத்தகைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, பேச வேண்டியதை எல்லாம் கமருன்னிஸாவிடம் பேசினார். வீட்டில் ஒரு துணிப்பையைத் தூக்கினால்கூட, "நீங்க ஒக்காருங்க, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று வந்து வாங்கிக்கொள்வாள். உட்கார்ந்தார். எட்டு மாதமாக உட்கார்ந்தே இருக்கிறார்.

இதை வெளியில் சொல்லவும் முடியாது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் போய், என் பெண்டாட்டி என்னைத் திட்ட மாட்டேங்கிறா என்று சொன்னால் என்ன ஆகும்? பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். ஆனால் ஹபீபுக்கு அது உண்மையிலேயே வலித்தது. தம்மாமில் முதலாளியம்மா பின்சீட்டிலிருந்து தினமும் திட்டுவாள். தப்பான ரோட்டில் திரும்பினாலும் திட்டு, சரியான ரோட்டில் திரும்பினாலும் ஏன் இவ்வளவு லேட் என்று திட்டு. விமானம் ஏறுகிற அன்று, வேலையை விட்டுப் போகிறாயே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். அந்த வீட்டில் தான் ஓர் ஆள் என்று அவருக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் மரியாதைதான் கிடைத்தது. சொந்த வீட்டில் மரியாதை வாங்குவது எத்தனை சங்கடமான காரியம் என்று அவருக்கு ஐம்பத்தாறு வயதில் புரிந்தது.

அவருடைய இலாகா என்று அந்த வீட்டில் இருந்தது கார் மட்டும். ஊர் வந்ததும் கும்பகோணத்து டாக்டர் ஒருவரிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய அன்றைக்கே சீட்டுகளுக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டார். உறை விஷயத்தில் ஹபீப் கொள்கைக்காரர். ஒரு பொருளின் மேல் கவர் இருக்கிற வரைக்கும்தான் அது புதுசு, கிழித்தால் அது வெறும் சாமான் என்பது அவர் கட்சி. தம்மாமில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் புதுப் பொருளின் கவரைக் காரிலேயே கிழித்து எறிவதைப் பார்த்து வயிறெரிந்தவர் அவர். அவர் அனுப்பிய டிவியின் கண்ணாடியில் கம்பெனித் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் கவர், ரிமோட்டுக்குக் கவர், சோபாவுக்கு முழு நீளக் கவர். கமருன்னிஸா ஒன்றையும் தொடவில்லை. அதுவும் ஒரு மரியாதை.

அந்தக் கார் சாவியில்தான் வினை வந்தது. பூட்டத் திறக்கப் பட்டன் வைத்த சாவி. முதலில் கேட்டிலிருந்து அமுக்கினாலே கார் கண்ணைச் சிமிட்டும். பிறகு பக்கத்தில் போய் அமுக்க வேண்டியிருந்தது. பிறகு கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒருசேர அமுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அமுக்கியபோது கார் அசையவில்லை. சாவி செத்துவிட்டது.

மறுநாள்தான் கீழ்வேளூர் போக வேண்டிய நாள். அவர்களுடைய ஒரே மகள் ஃபஹ்மிதாவை அங்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டும், சம்பந்தி வீட்டில் பகல் சாப்பாடு. பத்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

கமருன்னிஸா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மெதுவாக வெளியே வந்தாள்.

"ஏங்க, வாடகைக் காருக்குச் சொல்லிடவா? நீங்க பாட்டுக்குப் பின்னாடி நல்லா சாஞ்சு ஒக்காந்து வரலாம்."

இருபத்தைந்து வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிய மனிதரிடம் சொல்கிற பேச்சா இது?

"வேணாம். பேட்டரிதான் போயிருக்கு. நானே மாத்துறேன்."

"ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

அந்தச் சொல் நேராக நெஞ்சில் போய்க் குத்தியது. ஹபீப் அங்கேயே முடிவு செய்துவிட்டார். நாளைக் காலையில் கூடத்தில், அவள் கண் முன்னால், தன் கையால் இந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் இந்த வீட்டில் ஒரு வேலை தெரிந்த ஆள். மாற்ற முடியாவிட்டால் வாடகைக் காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, சாகும்வரை விருந்தாளி.

சாயங்காலம் கடைத்தெருவில் ரெத்தினத்தின் கடைக்கு நடந்தார். ரெத்தினம் கைக்கடிகாரம், செல்போன் எல்லாம் பார்க்கிறவர். சாவியை வாங்கி, ஓரத்தில் நகத்தை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். இரண்டாகப் பிளந்தது.

"இந்தச் சின்ன வட்டப் பேட்டரிதான் பாய். ரெண்டு நிமிஷம், போட்டுத் தர்றேன்."

"வேணாம். வீட்ல போட்டுக்கறேன்."

ரெத்தினம் நிமிர்ந்து பார்த்தார். "தொறந்துட்டேனே பாய். வெச்சு அமுக்கறதுதான் பாக்கி."

"பழசையே வெச்சு மூடிக் குடுங்க. புதுசு ரெண்டு தனியா குடுங்க."

செத்த பேட்டரியை வைத்துச் சாவியை மூடிக் கொடுப்பது ரெத்தினத்தின் தொழில் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. வாடிக்கையாளர் கேட்கிறார், கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஹபீப் கூடத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்தார். அதன் மேல் சாவி, இரண்டு புதுப் பேட்டரி, மூக்குக் கண்ணாடி. கமருன்னிஸா சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போகிற இனிப்புக்கு, வட்டலப்பத்துக்கு, முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து கூடம் நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அவர் இடம் பிடித்திருந்தார்.

ரெத்தினம் நகத்தால் பிளந்த சாவி ஹபீபின் நகத்துக்கு அசையவில்லை. ஸ்க்ரூடிரைவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்டால், நீங்க ஒக்காருங்க என்று அவளே வந்துவிடுவாள். நகவெட்டியால் முயன்றார். கரண்டிக் காம்பால் முயன்றார். கடைசியில், அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பழம் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து இடுக்கில் விட்டு ஒரு திருகு திருகினார். சாவி பிளந்தது. கத்தி முனையும் வளைந்தது. கத்தியைத் துண்டுக்கு அடியில் தள்ளினார்.

பிளந்த வேகத்தில் பட்டன் பதித்த ரப்பர் துண்டு தெறித்து சோபாவுக்கு அடியில் ஓடியது. ஹபீப் குப்புறப் படுத்து அதை எடுத்தார். "ஏங்க, ஏதாச்சும் தேடுறீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இல்ல, சும்மா" என்றார், சோபாவுக்கு அடியில் இருந்தபடியே.

பழைய பேட்டரியைக் கழற்றினார். புதுசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் முகத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பார்த்ததும் அவருக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு சின்னப் பேட்டரிக்கே கவர் போட்டு அனுப்புகிறான் என்றால் கம்பெனிக்காரன் மனுஷன்தான். அதைக் கிழிப்பானேன்? தாள் கலையாமல் விரல் நுனியால் பிடித்து, பிளஸ் போட்ட பக்கத்தைச் சரியாகப் பார்த்து உள்ளே வைத்தார். மூடி அமுக்கினார். டக் என்று சத்தம் வந்தது. எட்டு மாதத்தில் அவர் கேட்ட மிக இனிமையான சத்தம் அதுதான்.

"கமரு, வா. கார் தொறக்கறேன் பாரு."

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஹபீப் ஜன்னல் வழியே கையை நீட்டி அமுக்கினார். கார் பேசாமல் நின்றது. பக்கத்தில் போய் அமுக்கினார். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். கார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பரவால்லங்க" என்றாள் கமருன்னிஸா, அத்தனை மென்மையாக. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

இரண்டாவது பேட்டரியையும் அதே அக்கறையோடு, அதே கவரோடு வைத்துப் பார்த்தார். தலைகீழாகவும் வைத்துப் பார்த்தார். ரெத்தினத்துக்கு போன் போட்டார்.

"புதுச் சரக்கு பாய், நேத்துதான் டப்பாவப் பிரிச்சேன். பிளஸ் மேல வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப கார்லதான் ஏதோ."

மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. இதுபோன்ற சாவிக்குள் ஆபத்துக்கு உதவ ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அது ஹபீபுக்குத் தெரியும். அதை உருவிக் கதவில் நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்தது. திறந்த அடுத்த நொடி, தன்னைத் திருடன் தொட்டுவிட்டான் என்று நினைத்த கார் வாய்விட்டு அலற ஆரம்பித்தது.

அந்த அலறலில் தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடியது. ஷேக் பரீத் கறி வெட்டிய கத்தியோடு ஓடிவந்தான். அவனைப் பார்த்து நாலு பேர் ஒதுங்கினார்கள். ஆளாளுக்கு யோசனை. பானெட்டைத் திறந்து வயரைப் பிடுங்கச் சொன்னார் ஒருவர். பேட்டரியை வெயிலில் காயவைக்கச் சொன்னார் கேஸ்காரர். "மச்சான், சட்டையில நல்லாத் தேய்ச்சுப் போடுங்க" என்று கத்தினான் ஷேக் பரீத். ஹபீப் நடுவில் நின்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வருஷம் ஒரு சிராய்ப்பு இல்லாமல் கார் ஓட்டியவர், நின்ற காரின் வாயை அடைக்கத் தெரியாமல் நின்றார்.

கமருன்னிஸா வந்தாள். முட்டைக் கையைத் துடைத்துக்கொண்டே, "குடுங்க அத" என்றாள்.

சாவியை வாங்கி ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். அது அவளுக்கும் ஒரே நெம்பில் பிளந்தது. பேட்டரியை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். பளிச்சென்று ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டினாள். மீன் செதிள் மாதிரி ஒரு வட்டத் தாள் உரிந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"என்ன இது?"

"கவர்" என்றார் ஹபீப்.

"கவர்னு தெரியுமா?"

"தெரியும். புதுசுல்ல, கீறல் விழுந்துடக் கூடாதுன்னு விட்டுவெச்சேன்."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அவள் உரித்த பேட்டரியைப் போட்டு, மூடி, அமுக்கினாள். கார் கப்பென்று வாயை மூடியது. தெரு நிசப்தமானது. கமருன்னிஸா முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். அந்த அடையாளத்தைச் சின்ன வயசிலிருந்து அறிந்த ஷேக் பரீத் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

"அட மனுசா! அறிவுன்னு ஒண்ணு இருக்கா ஒனக்கு? பேட்டரிக்கு ஒறை போட்டு வெச்சா கரண்டு எந்த வழியா வரும், மாடிப்படி வழியாவா? அடுத்தவன் வீட்டுக் கார இருவத்தஞ்சு வருசம் எப்படித்தான் ஓட்டுனியோ! எதுக்கெடுத்தாலும் கவரு. டிவிக்குக் கவரு, ஃப்ரிட்ஜுக்குக் கவரு. சோபாவுல ஒக்காந்து எந்திரிச்சா தொடைத் தோலு உரிஞ்சு வருது. பதினோரு வருசமா உரியுது! வர்றவங்க எல்லாம் தரையில ஒக்காந்துட்டுப் போறாங்க. நீ அனுப்புன பொருளு, கிழிச்சா ஒனக்கு மனசு தாங்காதேன்னு நானும் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். கடைசில பேட்டரி வரைக்கும் வந்தாச்சு. பழக்கத்தி எங்க? துண்டுக்கு அடியில இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"முனை கொஞ்சம் வளைஞ்சுருச்சு."

"வளைஞ்சுருச்சா, வளைச்சியா? ஸ்க்ரூடிரைவர் வேணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியா? கொல்லக் கொழாய் எட்டு மாசமா ஒழுவுது. படுத்தா சொட்டுச் சொட்டுன்னு எனக்குத் தூக்கம் இல்ல. ஒனக்குக் காது இல்ல?"

ஹபீப் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீதானே எதுக்கெடுத்தாலும் ஒக்காருங்க, ஒக்காருங்கன்னு சொன்னே."

"சொன்னா? சொன்னா ஒக்காந்துடறதா? ஒரு வார்த்தை மரியாதைக்குச் சொல்லுவாங்க. எட்டு மாசமாவா ஒக்காருவாங்க? ஒத்தையா நான் எல்லாத்தையும் இழுத்து இழுத்து எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. நீ வந்துட்டீன்னு சந்தோசப்பட்டேன், வந்து பேப்பரப் படிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கே!"

சொல்லும்போதே அவள் குரல் ஓர் இடத்தில் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு, முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தாள். நாளைக்குக் காலையில் முதல் வேலை குழாய். அதற்குப் பிறகு மாடித் தண்ணீர்த் தொட்டி. அப்புறம் ரேஷன் கடை வரிசை, அதில் இனிமேல் அவர்தான் நிற்க வேண்டும்.

ஹபீபுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தெருவே பார்க்கிறது, கேஸ்காரர் பார்க்கிறார், வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைத் தாண்டி நெஞ்சு நிறைய ஒரு நிம்மதி. எட்டு மாதமாக ஏதோ விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தது போலவும், இப்போதுதான் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலவும் இருந்தது. தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஃபஹ்மிதா.

"கெளம்பிட்டீங்களா அத்தா? இங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." இந்தப் பக்கத்துச் சத்தம் அவளுக்கும் கேட்டுவிட்டது. "அம்மா யாரப் போட்டு இந்த வாங்கு வாங்குறாங்க? மாமாவையா?"

"இல்லம்மா" என்றார் ஹபீப். விசா வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்கிறவரின் குரலில் சொன்னார். "என்னைத்தான்."

"ஒங்களையா? நெசமாவா அத்தா?"

"நெசமாத்தான். இன்னும் முடியல. நீ வை, நான் கேட்டுட்டுக் கூப்புடறேன்."